நோயாளி ஒத்துழைக்கவில்லை

1

கல்லூரி வாசலிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் இருக்கும். கல்லூரி வண்டி நின்றுகொண்டிருந்தது, நாங்கள் ஏறவில்லை. சந்தியா முன்னால் நடந்தாள், நான் பத்தடி பின்னால். மே மாத வெயில். மலேசியாவின் கிள்ளானில் எட்டு வருடமாக, பக்கவாதம் வந்தவர்களைக் கைப்பிடித்து நடக்க வைப்பது என் வேலை. அதனால் யார் நடந்தாலும் என் கண் காலுக்குத்தான் போகும். அவள் குதிகாலைத் தரையில் அடித்து அடித்து வைத்துப் போய்க்கொண்டிருந்தாள். கோபம்.

சந்தியா என் ஒரே மகள். பிசியோதெரபி கடைசி வருடம். நான் கிள்ளானில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாள். ஒரு மாத விடுப்பில் சொந்த ஊரான மரக்காணம் வந்து எட்டு நாள்கூட ஆகவில்லை, 'பேரண்ட்ஸ கூட்டிட்டு வா' என்று துறைத் தலைவர் சொல்லிவிட்டார். கல்லூரியின் பெயர் வேண்டாம். இந்தக் கதை ஒரு கல்லூரியின் கதை மட்டும் இல்லை.

துறைத் தலைவரின் மேசையில் அவளுடைய லாக் புக் இருந்தது. மாணவர்கள் பயிற்சியில் பார்க்கும் ஒவ்வொரு நோயாளிக்கும் அதில் ஒரு பக்கம்.

"முப்பது கேஸ் இருக்கணும் சார். உங்க பொண்ணு நாலு எழுதியிருக்குது."

"நான் நாலு பேரைத்தான் சார் பாத்தேன்" என்றாள் சந்தியா.

"எல்லாரும் முப்பது எழுதியிருக்காங்களே?"

"எல்லாரும் ஒரே முப்பது பேர எழுதியிருக்காங்க சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. புத்தகத்தைப் புரட்டி நாலாவது பக்கத்தை எனக்காகத் தமிழில் படித்துக் காட்டினார். எனக்கு ஆங்கிலம் வராது என்று அவரே முடிவுசெய்துகொண்டார்.

"அஞ்சலை. நாப்பத்தாறு வயசு. உப்பளத் தொழிலாளி. இடுப்பு வலி. ரெண்டு விசிட். அப்புறம் பாருங்க, 'வருவதை நிறுத்திவிட்டார், காரணம் தெரியவில்லை'. இப்படி எவனாவது ரெக்கார்டுல எழுதுவானா? வெளியிலிருந்து எக்ஸாமினர் வந்து பாத்தா இன்னா நெனப்பாரு? 'நோயாளி ஒத்துழைக்கவில்லை'ன்னு போடும்மா. இல்லன்னா 'முன்னேற்றம்'னு போடு. எதையாச்சும் போட்டு முடி."

"அவங்க ஒத்துழைச்சாங்க சார். சொன்னதெல்லாம் செஞ்சாங்க."

"அப்புறம் ஏன் வரல?"

"தெரியல சார். அதான் தெரியலன்னு எழுதினேன்."

அவர் என்னைப் பார்த்தார். நீங்களாவது சொல்லுங்கள் என்கிற பார்வை. நான் மேசை மீதிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தேன்.

கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். முப்பது வேண்டாம். ஒரே ஒரு நோயாளி. இரண்டு வாரத்துக்குள் ஆறு விசிட். கல்லூரி ஓ.பி.யில், ஆசிரியர் முன்னால், முதலில் அளந்து கடைசியிலும் அளந்து காட்ட வேண்டும். காட்டினால் மீதியை அவர் பார்த்துக்கொள்வார். காட்டாவிட்டால் இந்த வருடப் பயிற்சி முழுக்க மறுபடியும். கூடப் படித்தவர்கள் இன்டர்ன்ஷிப் போவார்கள், இவள் இப்போது மூன்றாம் வருடத்தில் இருக்கும் பிள்ளைகளோடு உட்கார வேண்டும்.

"டவுன்ல யாரையாவது பாத்துக்கோ" என்றார், நாங்கள் எழுந்தபோது. "உப்பளத்து கேஸ் வேணாம். அவங்கள்லாம் பாதில ஓடிடுவாங்க."

2

நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று சொல்லிவிடுகிறேன்.

அதே படிப்பில் நானும் இரண்டரை வருடம் இருந்தேன். வேறு கல்லூரி, வேறு காலம். அப்பா படுத்த படுக்கையானதும் மூன்றாம் வருடம் பாதியில் நின்றேன். பிறகு சென்னையில் ஒரு எலும்பு ஆஸ்பத்திரியில் வார்டு பாய், திருப்பூரில் சாயப்பட்டறை, ஓமானில் சலாலாவில் வாழைத் தோட்டம், இடையிடையே ஊரில் கிடைத்த வேலை. கிள்ளானுக்கு முன் எங்கும் மூன்று வருடத்துக்கு மேல் கால் தரிக்கவில்லை. கஷ்டம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. போன இடத்தில் வேலை இருந்தது, செய்தேன்.

அந்தக் காலத்தில் எனக்கும் ஒரு லாக் புக் இருந்தது. அதில் இருபது பேரை எழுதினேன். நான் உண்மையில் தொட்டது இரண்டு பேரை. மீதிப் பதினெட்டுக்கு எங்கள் தெரு ஆட்களின் பெயரை வரிசையாகப் போட்டேன். பதினேழாவது பக்கத்தில் என் அம்மா. ராஜகுமாரி, ஐம்பது வயது, வலது தோள்பட்டை இறுக்கம், பத்து அமர்வு, முழு அசைவு திரும்பியது. அந்தப் பக்கத்துக்கு எனக்குச் சிவப்பு மையில் 'வெரி குட்' கிடைத்தது.

அம்மாவுக்கு உண்மையிலேயே வலது தோள் தூக்க வராது. உப்புக் கூடையை ஏற்றி இறக்கிய தோள். தலை பின்னிக்கொள்ள முடியாமல் பக்கத்து வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருப்பாள். நான் அதை அன்றாடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் அந்தப் பக்கம் அவ்வளவு நன்றாக வந்தது. ஆனால் ஒரு நாள்கூட அவள் கையைப் பிடித்து எதுவரை போகிறது என்று பார்த்ததில்லை. என் புத்தகத்தில் குணமான தோளோடு அவள் இன்னும் நான்கு வருடம் உப்பு சுமந்தாள். அவள் இறந்தபோது நான் திருப்பூரில் இருந்தேன்.

என் மகள் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தபோது போனில் "நல்லது" என்று மட்டும் சொன்னேன். இந்தப் பதினேழாம் பக்கத்தைப் பற்றி அவளிடம் சொன்னதில்லை.

3

கிள்ளானில் என் நாள் காலை ஆறரைக்குத் தொடங்கும். முப்பத்தொரு கட்டில். எழுப்புவது, துடைப்பது, உட்கார வைப்பது, நடக்க வைப்பது. போன புதிதில் ஒரு தமிழ்ப் பெரியவர் காலையில் "பசியாறிட்டியா தம்பி?" என்று கேட்க, "பசியே எடுக்கலைங்க" என்றேன். அங்கே காலைச் சாப்பாட்டுக்குத்தான் அந்தப் பேச்சு என்று தெரிய ஒரு வாரம் ஆனது. அதுவரை, சரியாகச் சாப்பிடாத ஆள் என்று எனக்குத் தினமும் ஒரு பிஸ்கட் எடுத்து வைத்திருந்தார்.

வாரத்துக்கு இரண்டு நாள் லிம் என்ற சீனப் பெண் வருவாள். பிசியோதெரபிஸ்ட். அவள் என்ன பெரிய வித்தை செய்கிறாள் என்று முதல் மாதம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றுமில்லை, கேட்கிறாள். ஒரு கிழவர் வராந்தாவில் நடக்கவே மாட்டேன் என்று மூன்று நாள் அடம் பிடித்தார். நாங்களாக இருந்தால் 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்போம். லிம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "எங்கே போக வேண்டும் உங்களுக்கு?" என்று கேட்டாள். "கக்கூசுக்கு, தனியா" என்றார். மறுநாளிலிருந்து வராந்தா கிடையாது. கட்டிலுக்கும் கக்கூசுக்கும் நடுவில் உள்ள பதினொரு அடிதான் பயிற்சி. நான் ஸ்டாப் வாட்ச் பிடித்தேன். எத்தனை நொடி என்று அவள் எழுதினாள். குறையாத வாரத்தில், குறையவில்லை என்றே எழுதினாள்.

ஒரு நாள், அதுவரை வலி என்றாலே எல்லோருக்கும் வைத்துக்கொண்டிருந்த, மின்சாரம் பாய்ச்சும் கரண்ட் பெட்டியை அலமாரியில் ஏற்றச் சொன்னாள். ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் தேடிப் படித்ததாகவும், இல்லத்தில் இருப்பவர்களுக்கு இதனால் பெரிதாகப் பயன் இல்லை என்றும் சொன்னாள். இல்ல மேலாளருக்குக் கோபம், விலை கொடுத்து வாங்கிய பெட்டி. அவள் அசையவில்லை.

அந்த ஊரைச் சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. லிம் பார்ப்பது, குடும்பம் கேட்டு ஏற்பாடு செய்த பன்னிரண்டு பேரைத்தான். மீதிப் பத்தொன்பது பேர் என்னோடு. என் பர்மிட்டில் 'பொதுத் தொழிலாளி' என்று இருக்கிறது. ஆகவே நான் எண்ணலாம், பிடிக்கலாம், தூக்கலாம், ஆனால் ஃபைலில் ஒரு எழுத்து எழுதக்கூடாது. பர்மிட்டைப் புதுப்பிக்க வருடா வருடம் விரல் ரேகை, ரத்தம், எக்ஸ்ரே. ஒரு வருடம் என் கட்டைவிரல் ரேகை இயந்திரத்தில் விழவில்லை. சிறு வயதில் உப்பு அள்ளிய கை, தேய்ந்திருக்கும் என்றேன். "அது காரணமாகாது, இன்னொரு நாள் வா" என்றார்கள். நான்கு முறை போனேன்.

4

மெயின் ரோட்டில் பஸ் ஏறினோம். ஜன்னலுக்கு வெளியே பெருமுக்கல் மலை வந்து போனது, அவள் அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் என் முன்னால் போடாத கண்ணாடி போட்டிருந்தாள். எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷமா."

"வீடியோல தெரியலையே?"

"வீடியோ கால் வந்தா கழட்டிடுவேன்." அப்புறம் சொன்னாள்: "நீங்க போன்லயே நல்லா இருந்தீங்கப்பா. போன்ல எவ்ளோ பேசுவீங்க! தப்பு பண்ணாத, தலை நிமிந்து நில்லுன்னு. அங்க அந்தாளு முன்னாடி ஒரு வார்த்த வரல."

அந்தப் பதினேழாம் பக்கத்தைச் சொன்னேன். பஸ்ஸில், கண்டக்டர் சில்லறைக்குக் கத்திக்கொண்டிருந்தபோது, இருபத்தி மூன்று வருடம் கழித்து. அவள் ஜன்னலிலிருந்து திரும்பிக் கேட்டாள்.

"ஆயாவுக்கு கை எதுவரைக்கும் வரும்?"

"தெரியாது. அளக்கல."

பிறகு அவளே பேச ஆரம்பித்தாள், என்னிடம் இல்லை, முன் சீட்டின் முதுகிடம். சான்று சார்ந்த சிகிச்சை என்று அவர்களுக்கு ஒரு பாடம் உண்டாம். மூன்று விஷயம். ஆராய்ச்சி என்ன சொல்கிறது, சிகிச்சை செய்பவரின் அனுபவம் என்ன சொல்கிறது, நோயாளியின் நிலைமையும் விருப்பமும் என்ன. பரீட்சையில் பத்து மார்க் கேள்வி, இவளுக்கு ஒன்பது. "ஆனா ஓ.பி.ல போய் நின்னா, யார் வந்தாலும் கரண்ட் வை, ஒத்தடம் குடு, டைமர் போடு. முட்டியா, கழுத்தா, ஒண்ணும் கிடையாது. நான் மூணு மாசமா டைமர் போட்டிருக்கேன்ப்பா. மைக்ரோவேவ் அடுப்புக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?"

போன தை மாதம் கல்லூரி நடத்திய முகாமைப் பற்றியும் சொன்னாள். உப்பளத்துக்கே போய் ஷாமியானா போட்டு, பேனர் கட்டி, தொழிலாளர்களுக்கு ஆளுக்கொரு அச்சடித்த தாள் கொடுத்தார்களாம். நாற்காலியில் நேராக உட்காரவும். கனமான பொருளைத் தூக்க வேண்டாம். வேலை செய்யும்போது பூட்ஸ் அணியவும்.

எனக்கு இந்த இடத்தில்தான் ரத்தம் ஏறியது. உப்புப் பாத்தியின் தரையை வருடத் தொடக்கத்தில் வெறுங்காலால் மிதித்து மிதித்துத்தான் இறுக்குவார்கள். அந்தத் தரையில் பூட்ஸ் கால் பட்டால் குழி விழும், குழியிலிருந்து சேறு கிளம்பும், சேறு உப்பில் ஏறும், அந்தப் பாத்தி உப்பு பாழ். மரக்காணத்தில் பிறந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். நாலரை வருடப் படிப்பு, வெள்ளைக் கோட்டு, ஷாமியானா, அத்தனைக்குப் பிறகும் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேட்காமல் அச்சடித்தார்கள். அச்சடித்ததைச் செய்யாதவர்களை ஒத்துழைக்காதவர்கள் என்று எழுதினார்கள். எழுதியதற்கு மார்க் போட்டார்கள்.

அந்த முகாமில் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இடுப்பு வலிக்குது, அதுக்கு ஏதாச்சும் உண்டா?" என்று கேட்ட ஒரே ஆள்தான் அஞ்சலை. இவளை நம்பி கல்லூரி ஓ.பி.க்கு இரண்டு நாள் வந்துமிருக்கிறாள்.

"வீட்டுக்கு அப்புறம் போலாம்" என்றாள் சந்தியா. "டவுன்ல ஆள் தேடப் போறதில்ல. அவங்களதான் போய் பாக்கணும்."

5

அஞ்சலையின் வீடு உப்பளத்தை ஒட்டிய குடியிருப்பில் கடைசி வீடு. வேலை முடிந்து குளித்துவிட்டு, வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"வாம்மா டாக்டரு! கரண்டு பொட்டி எங்க? இது யாரு, உங்கப்பாவா? மலேசியாவுல நெழல்லயே வெச்சிருப்பாங்க போல, கறுக்கவே இல்ல."

சந்தியா அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "அக்கா, நீங்க ஏன் வர்றத நிறுத்திட்டீங்க?"

"இத கேக்கவா இந்த வெயில்ல வந்த?"

"ஆமா. அப்பவே கேட்டிருக்கணும். கேக்கல. காரணம் தெரியலன்னு எழுதிட்டு உக்காந்திருந்தேன். என் தப்புதான்."

அஞ்சலை சிரிப்பதை நிறுத்தினாள். "உங்க ஆஸ்பத்திரி எத்தன மணிக்கு?"

"ஒம்பதுல இருந்து பன்னெண்டு."

"எங்க வேல?"

உப்பு வாரும் காலத்தில் வேலை விடிகாலையில் தொடங்கி, வெயில் சுடும்வரை போகும். அது சந்தியாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"சுமக்கறவங்க வரிசைல எனக்கு ஒரு எடம் இருக்குது. பதினாறு வருஷமா. ஒரு நாள் நின்னா அந்த எடத்துல இன்னொருத்தி நிப்பா. அப்புறம் நான் போனா, போய் கடைசில நில்லும்பாரு மேஸ்திரி. கடைசில நின்னா வேல இருந்தாத்தான் கூப்புடுவாங்க. ரெண்டு நாள் உன்னண்ட வந்தேன், என் மருமவ எனக்கு பதிலா மாத்தாளா போனா. இப்ப அவளுக்கு ஏழு மாசம். வேற யார அனுப்புவேன்? நீ குடுத்த எக்சசைஸ வீட்டுல செய்யறேன். சரியா செய்யறனான்னுதான் தெரியல."

"செஞ்சு காட்டுங்க."

உள்ளேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. கையை ஊன்றாமல் ஐந்து முறை உட்கார்ந்து எழ வேண்டும். சந்தியா கடிகாரத்தைப் பார்த்தாள், நான் பழக்கத்தில் பக்கத்தில் போய் நின்று எண்ணினேன். மூன்றாவது தடவை அஞ்சலை தடுமாறியபோது, "பெலான், பெலான்" என்றேன்.

"இன்னாது?"

"மெதுவான்னு அர்த்தம். மலாய்."

"எனக்கு தமிழ்லயே வலிக்குதுப்பா."

இருபத்தெட்டு நொடி. சந்தியா எழுதிக்கொண்டு கேட்டாள், "எது பண்ண முடிஞ்சா போதும்னு நெனக்கறீங்க?"

அஞ்சலை உடனே சொன்னாள். யாராவது கேட்க வேண்டும் என்று காத்திருந்தவள் போல. "கூடைய கீழ இருந்து நானே தூக்கி தலைல வெச்சுக்கணும். இப்ப ஒவ்வொரு நடைக்கும் பக்கத்துல இருக்கறவள கெஞ்சறேன். அவ மொணகறா. மேஸ்திரி பாத்துக்கினே இருக்கான். இந்த சீசன் தாண்ட வுடமாட்டான்."

சந்தியா அதையும் எழுதினாள். பேனாவை மூடவில்லை. "இது வலி போனா தானா வர்றது இல்லக்கா. கொஞ்சம் கொஞ்சமா எடைய ஏத்தி பழகணும். முதுக மடக்க பயப்படாம இருக்கணும். அத எங்க டிபார்ட்மெண்ட்ல வெச்சு என்னால செய்ய முடியும். ஆறு நாள் வேணும். உங்களுக்கு ஆகும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆகுதா இல்லையான்னு அளந்து, அப்படியே எழுதுவேன்."

"ஆறு நாளுக்கு மாத்தாளு நீ குடுப்பியா?" என்று அஞ்சலை கேட்டாள். கிண்டலாகத்தான் கேட்டாள்.

சந்தியா பேனாவை மூடினாள். அவளுக்கு ஒரு வருடம் போகப்போகிறது. எதிரில் இருப்பவளுக்குப் பதினாறு வருட இடம் போகப்போகிறது. பொய்யாக ஒரு வரி எழுதினால் முதல் இழப்பு நின்றுவிடும், இரண்டாவது இழப்பு அப்படியேதான் இருக்கும். அந்த வரியை எழுதச் சொல்லி ஒரு ஆசிரியர், எழுதிக் கொடுக்க வகுப்பு முழுக்கப் பிள்ளைகள், எழுதி 'வெரி குட்' வாங்கிய ஒரு தகப்பன். இவள் ஒருத்திதான் எழுத மாட்டேன் என்று நிற்கிறாள்.

"மாத்தாள் ஆம்பளையா இருக்கலாமா?" என்று கேட்டேன்.

அஞ்சலை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உன்னால ஒரு கூடை தூக்க முடியுமா?"

"தெனம் முப்பத்தோரு பேர தூக்கறேன்."

"மனுஷன் தூக்கறதுக்கு தோதா கை குடுப்பான். உப்பு குடுக்காது" என்றாள். பிறகு உள்ளே போய் ஒரு பழைய சேலையைச் சுருட்டி, சும்மாடு என்று சொல்லி என் கையில் வைத்தாள். "நாளைல இருந்து. கூலி என் பேருக்கு வரணும், சொல்லிட்டேன்."

"உங்க பேருக்கேதான்."

வீட்டுக்குத் திரும்பும்போது சந்தியா பத்தடி முன்னால் போகவில்லை. என் பக்கத்தில்தான் நடந்தாள். முதுகை எப்படி வைக்க வேண்டும், முட்டியை எங்கே மடக்க வேண்டும் என்று வழிநெடுக எனக்குப் பாடம் நடத்தினாள்.

6

விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் உப்பளத்து வரப்பில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். இருபத்திரண்டு பேர். நான் ஆறாவது இடத்தில், சும்மாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னாலும் பின்னாலும் சிரிப்பை அடக்கி வாயைப் பொத்திக்கொண்டார்கள். மேஸ்திரி ஒரு நோட்டைப் பிரித்து டார்ச் வெளிச்சத்தில் பெயர் கூப்பிட்டார்.

"அஞ்சலை."

நான் கையைத் தூக்கினேன்.

"யாருப்பா நீ?"

"மாத்தாளுங்க. அஞ்சலைக்கு பதிலா. ஆறு நாளு."

"அவளுக்கு இன்னா?"

"இடுப்புக்கு பயிற்சி எடுக்கறாங்க."

"பயிற்சியா?" டார்ச்சை என் முகத்தில் அடித்தார். "ஏம்பா, இது பொம்பளைங்க வரிசை."

"மாத்தாள் பொம்பளையாதான் இருக்கணும்னு சட்டம் உண்டா?" வரிசையில் யாரோ ஒருத்தி கேட்டாள். சிரிப்பு கிளம்பியது. மேஸ்திரி யோசித்தார். அப்படி ஒரு சட்டம் இல்லை போலிருக்கிறது.

"சரி. ஆனா மாத்தாளுக்குன்னு தனிப் பேரு கிடையாது. யாருக்கு பதிலா நிக்கறியோ அவங்க பேருக்கு பதில் சொல்லணும். கைய தூக்கறதெல்லாம் ஸ்கூல்ல." நோட்டைப் பார்த்து மறுபடியும் கூப்பிட்டார். "அஞ்சலை."

"இருக்கேங்க."

வரிசை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே டிக் அடித்தார். மெயின் ரோட்டுப் பக்கம் முதல் பஸ் ஹாரன் அடித்தது. சந்தியாவும் உண்மையான அஞ்சலையும் இன்னும் இரண்டு மணி நேரத்தில் பஸ் ஏறுவார்கள்.

செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டேன். கூடையில் ஈர உப்பை அள்ளிப் போட்டார்கள். குனிந்து தூக்கினேன், முட்டிவரை வந்தது, அதற்கு மேல் வரவில்லை. பின்னால் நின்ற பெண் ஒரு கையால் அடியைத் தாங்கி, மூச்சுகூட வாங்காமல் என் தலையில் ஏற்றினாள்.

"நட அஞ்சலை" என்றாள். "பின்னாடி ஆள் நிக்குது."